தும்புத்தடி வண்டி வரும்வரை

கௌசலா கைத்தொலைபேசியை எடுத்து மணியைப் பார்த்தாள். ஒன்று நாற்பது. இதற்கு முன் பார்த்தபோது ஒன்று முப்பத்தைந்து. மேல் மூலையில் சிக்னல் கோடு இரண்டு நின்றது. காலையில் வந்து இறங்கியபோது ஒன்றே ஒன்றுதான், அதுவும் மேகம் வந்து மலையை மூடியதும் காணாமல் போய்விட்டது. இரண்டு கோடு போதும், இரண்டு கோட்டில் கதைக்கலாம். ஐந்து மணிவரை இரண்டும் அப்படியே நிற்க வேண்டும், ஐந்து மணிக்குள் கணவர் பேரின்பநாதன் தன் வாயால் ஆஸ்பத்திரிக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும், அவர் அதைச் சொல்வதற்கு முன் அவள் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்பதற்கு முன், அவருடைய பேருக்கு வந்த கடிதத்தைத் தான் உடைத்துப் படித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த நுனியைப் பிடித்து இழுப்பது என்றுதான் செவ்வாய்க்கிழமையிலிருந்து தெரியவில்லை. இன்று வெள்ளி. கடிதத்தில் நாலே வரி. தாங்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி திங்கட்கிழமை நடக்கவிருந்த இருதய வால்வு சத்திரசிகிச்சை நிறுத்தப்பட்டுள்ளது, புதிய திகதி பின்னர் அறிவிக்கப்படும். கேட்டுக்கொண்டபடி. அந்த ஒரு சொல்லை அவள், தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் துணி அறைக்குள், மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று, எத்தனையோ தரம் வாசித்தாள். அவளுடைய பிரெஞ்சில் கோளாறு இருக்கலாம் என்று கூட வேலை செய்கிற ஒருத்தியிடம் காட்டினாள். கோளாறு பிரெஞ்சில் இல்லை. அங்கிருந்தபடியே ஆஸ்பத்திரிக்கு அடித்தபோது செயலாளர் பெண் நல்ல மாதிரித்தான் கதைத்தாள், இடத்தை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை, வெள்ளி ஐந்து மணிவரை வைத்திருக்கிறேன், ஆனால் மறுத்தது உங்கள் கணவர், அவரே எடுத்துச் சொல்ல வேண்டும், உங்கள் குரலை நான் ஏற்க முடியாது மதாம் என்றாள். அது சரிதான். இருபது வருடமாக அவர் விஷயத்தில் அவளுடைய குரலை யார்தான் ஏற்றார்கள்.

அவர் இரண்டு முழம் தள்ளி மடக்குக் கதிரையில், வளைவின் வெளி ஓரத்தில், கீழே பாம்பு மாதிரிக் கிடந்த தெருவைப் பார்த்தபடி இருந்தார். வெர்னே கணவாயின் உச்சிக்கு இங்கிருந்து மூன்று கிலோமீற்றர். யூலை மாதச் சைக்கிள் பந்தயத்தின் பதினோராம் நாள், மலை நாள். இருபத்துநாலு வருடமாக ரிவியில் பார்த்ததை ஒருதரம் நேரே பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, இந்த வருடம் விடியப்புறம் அவளை எழுப்பி, காரை ஓட்டிக்கொண்டு வந்து, தெருவை மூடுவதற்கு முன் கீழ்ப் புல்வெளியில் நிறுத்தினார். அங்கிருந்து இருவரும் நானூறு மீற்றர் நடந்து வந்தார்கள். நானூறு மீற்றரில் மூன்றுதரம் நின்றார். தெருவில் ரசிகர்கள் வெள்ளைப் பெயின்ரால் ஓட்டக்காரரின் பெயர்களை எழுதியிருந்தார்கள், அவற்றை வாசிக்கிறவர் மாதிரி நின்றார். ஒவ்வொரு பெயரையும் வாசிக்க அவருக்கு ஒரு நிமிடம் எடுத்தது. அவள் கதிரைகளையும் குளிர்ப்பெட்டியையும் பிளாஸ்க்கையும் காவிக்கொண்டு, வாசித்து முடியட்டும் என்று பக்கத்தில் நின்றாள். உதடு நீலமா, வெயிலா, மலைக் குளிரா. கேட்கவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பார், ஒன்றுமில்லை என்று சொல்லவும் மூச்சு வேண்டுமே. அவளுக்கும் கால் உளைந்தது. வாரத்தில் ஐந்து நாள், காலையில் எட்டுப் பேர். எட்டுப் பேரைத் திருப்பி, கழுவி, துடைத்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தி, பிறகு அவர்களுடைய எட்டு அறைகள். ஒருநாள் லீவு கிடைத்தால் படுத்துக் கிடக்கலாம் என்று நினைத்திருந்தாள். லீவு இந்த மலைக்குப் போயிற்று.

இந்தப் பந்தயத்தில் என்னதான் இருக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கியதில்லை. அவர் வந்து இறங்கிய வருடம் அகதி விடுதியில் ஒரே ஒரு ரிவி, யூலை மாதம், அதில் நாள் முழுக்க இதுதான் ஓடியதாம். பாண் என்கிற சொல்லைப் படிப்பதற்கு முன் ஏற்றம், இறக்கம், தப்பி ஓட்டம், கைவிடல் எல்லாவற்றையும் பிரெஞ்சில் படித்துவிட்டார். கூட்டமாய் ஓடுகிறவர்களுக்குப் பெலோத்தோன் என்று பெயர். அகதி விசாரணையில், சனத்தோடு சனமாகச் சைக்கிள் உழக்கிக்கொண்டு தப்பி வந்ததைச் சொல்ல அந்தச் சொல்லைப் பாவித்தார், அது இராணுவப் பிரிவுக்கும் பெயர் என்பது தெரியாமல். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, நீர் எந்தப் பிரிவில் இருந்தீர் என்று கேட்டாராம். அதை விளங்கப்படுத்த ஒன்றரை மணித்தியாலம். கலியாணம் முடித்து அவள் வந்த புதிதில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அவளும் சிரிப்பாள். பிறகு பிள்ளைகள், பேக்கரியில் அவருடைய அதிகாலை வேலை, அவளுடைய முதியோர் இல்லம், கதை குறைந்துகொண்டே வந்தது. பந்தயம் மட்டும் குறையவில்லை. பந்தயம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. திங்கட்கிழமை வெட்டினால் மிச்சம் பார்க்க முடியாது. அதற்காகத்தான், வேறு எதற்காக. சைக்கிளுக்காக நெஞ்சைத் தள்ளிப்போட்ட மனிசன். இதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் வர வேண்டும், செவ்வாய் வந்தது, புதன் வந்தது, இப்போது கோபத்துக்கும் தெம்பில்லை, அது நனைந்த விரிப்பு மாதிரி உள்ளே கனத்துக் கிடந்தது.

"இஞ்சேரும், முட்டைப் பாண் இருக்கோ?" என்றார்.

எடுத்துக் கொடுத்தாள். இப்போது கேட்கலாம். இஞ்சேருங்கோ, ஒரு கடிதம் வந்தது. இல்லை, அப்படித் தொடங்கினால் எந்தக் கடிதம், ஏன் உடைத்தனீர் என்று அதிலேயே நிற்பார், அரை மணித்தியாலம் கடிதத்தோடு போய்விடும். திங்கட்கிழமைக்குப் பை அடுக்க வேணுமே என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்கலாம். அதற்கு அவர் ஓம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால், பிறகு அந்தப் பொய்யையும் அல்லவா உடைக்க வேண்டும். கேட்கும்வரை அது மறுப்பு ஆகாது. கேட்டு அவர் மாட்டன் என்று சொல்லிவிட்டால் பிறகு மாட்டன்தான், பேரின்பநாதன் சொன்ன சொல்லை மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே கேட்காமல் இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நல்ல நிமிடம் மாதிரியும் இருந்தது, கையைவிட்டுப் போகிற நிமிடம் மாதிரியும் இருந்தது. பக்கத்து வான்காரர், பெல்ஜியத்திலிருந்து மூன்று நாளுக்கு முன்னமே வந்து இடம் பிடித்த கிழவர், வானொலியைச் சத்தமாக வைத்தார். ஐந்து பேர் முன்னால், ஆறு நிமிட வித்தியாசம். பேரின்பநாதன் பாணைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு நிமிடமோ என்று கேட்டார், பெல்ஜியக்காரர் ஆறரை என்றார், இரண்டு பேரும் அதைப்பற்றி நெடுநேரம் கதைத்தார்கள். முன்பின் தெரியாத ஆளோடு இவருக்கு இவ்வளவு கதை இருக்கிறது. விளம்பர வண்டிகள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து தொப்பிகளையும் சாவிக்கோர்வைகளையும் எறிந்தன, வயது வந்தவர்கள் எல்லாரும் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். ஒரு மஞ்சள் தொப்பி அவள் மடியில் வந்து விழுந்தது. அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வடிவோ?" என்று கேட்டார். வடிவாய்த்தான் இருந்தது. மெலிந்த முகத்துக்குப் பெரிசாய், கண்ணை மறைத்துக்கொண்டு.

மூன்றே முக்காலுக்கு, ரிவிக்குப் படம் பிடிக்கிற ஹெலி வந்தது. முதலில் சத்தம் இல்லை, நெஞ்சாங்கூட்டுக்குள் ஒரு துடிப்பு மட்டும், பிறகு மலையின் அந்தப் பக்கத்திலிருந்து டப்டப்டப் என்று. எல்லாரும் எழும்பிக் கை தட்டினார்கள், ஹெலி வந்தால் ஓட்டக்காரர் கிட்ட வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கௌசலா எழும்பவில்லை. அவளுடைய கண் தெரு ஓரத்தில் வாய்க்காலைத் தேடியது. தேடாதே என்று சொன்னாலும் கண் கேட்பதில்லை, இந்தச் சத்தத்துக்கு உடம்பு தன்பாட்டில் வேலை செய்யும். பத்தொன்பது வயதில், ஊரில் ரியூசன் முடிந்து வரும்போது, இதே சத்தம் தலைக்கு மேல் தாழ்ந்து வந்து வயல் தெருவைச் சுட்டுக் கிழித்துக்கொண்டு போனபோது, சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தாள், சைக்கிள் அவளுக்கு மேலே, பின் சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது. சில்லு நின்றால் கண் திறக்கலாம் என்று நினைத்தாள். அது நிற்க எவ்வளவு நேரம் எடுத்தது. முன்னால் சைக்கிளில் போன சிநேகிதி வசந்தமலர் எழும்பவே இல்லை. அவளுடைய கொப்பியை யார் கொண்டுபோய் வீட்டில் கொடுத்தது, நானா, வேறு ஆருமா, அது மட்டும் ஞாபகமில்லை, எத்தனை தரம் யோசித்தாலும் அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. ஹெலி வளைவுக்கு மேலே வந்து நின்றது. புல் எல்லாம் படுத்தது. அவள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேரின்பநாதன் தலையை அண்ணாந்து, தொப்பியை ஒரு கையால் பிடித்தபடி, வாயைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிசன் எப்படி இதைக் கடந்தார். இவரும் அங்கிருந்துதானே வந்தவர். ஒவ்வொரு யூலையும் ரிவிக்கு முன்னால் இருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அது வேறொன்றின் சத்தம் என்று உடம்புக்குப் பழக்கிவிட்டாரோ. அப்படியென்றால் அதை ஏன் ஒருநாளும் தனக்குச் சொல்லவில்லை.

பிறகு வந்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள், சிவப்புக் கார், சனத்தின் சுவர் பிளந்து வழிவிட, ஒருவன், அவனுக்குப் பின்னால் ஒருவன். வாய் திறந்திருந்தது, கண்ணில் பார்வை இல்லை, முழங்கை தொடுகிற தூரத்தில் அவர்களுடைய மூச்சு கேட்டது, புளித்த வேர்வை மணத்தது. எட்டு விநாடி. இருபத்துநாலு வருடமும் நானூறு மீற்றரும் இந்த எட்டு விநாடிக்கு. பிறகு நாலு பேர், பிறகு பத்துப் பேர், ஒவ்வொரு கூட்டமும் முந்தியதைவிட மெதுவாக, முகங்கள் வரவரச் சாம்பல் நிறமாக. பெல்ஜியக்காரர் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக் கத்தினார். பேரின்பநாதன் கத்தவில்லை, கை தட்டினார், தட்டத் தட்டக் கை சோர்ந்து பிறகு உள்ளங்கையைத் தொடையில் தட்டினார். கௌசலா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு இருபதுக்குச் சனம் கதிரைகளை மடக்கத் தொடங்கியது.

"போவமே?" என்றாள். கீழே போகிற வழியில் காருக்குள் வைத்துக் கேட்கலாம், காருக்குள் அவர் எழும்பிப் போக முடியாது.

"கடைசி ஆள் வரட்டும்."

"எல்லாரும் போகினம்."

"கஸ்தான்யே இன்னும் வரேல்லை. இலக்கம் நூற்று நாற்பத்தெட்டு. முதலாவது ஆள் முடிச்சு நாற்பத்திரண்டு நிமிசத்துக்குள்ள மேல போய்ச் சேர வேணும். சேராட்டில் நாளைக்கு ஓட விடமாட்டாங்கள்."

கஸ்தான்யேயை அவளுக்கும் தெரியும், வீட்டில் அடிபடுகிற பெயர். பதினாலு வருடமாக ஓடுகிறான், ஒருதரமும் வென்றதில்லை. வெல்லுகிறவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் காவிக்கொண்டு போய்க் கொடுப்பதுதான் அவனுடைய வேலை. முப்பத்தேழு வயது, இதுதான் கடைசி வருடமாம். நாலரை. நாலு முப்பத்தைந்து. வெயில் சரிந்து வளைவில் நிழல் விழுந்தது. தொலைபேசியில் ஒரு கோடு போய் ஒன்றுதான் மிச்சம். கேள், கேளடி என்று தனக்குள் சொன்னாள். அவருடைய காதுக்குப் பின்னால் சவரம் செய்யாமல் விட்ட நரை மயிர் கொஞ்சம் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் இன்னும் இரண்டு நிமிடம் போயிற்று.

நாலு முப்பத்தெட்டுக்குக் கீழ் வளைவில் ஒருவன் தெரிந்தான், கஸ்தான்யேதான். அவனுக்குப் பின்னால் ஒரு காரும் ஒரு வெள்ளை வானும் நடக்கிற வேகத்தில் வந்தன. வானுக்குத் தும்புத்தடி வண்டி என்று பெயர் என்றும், கடைசியாய் வருகிறவனைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகும் என்றும் அவர் முன்பே சொல்லியிருந்தார். அவன் தெருவின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைந்து வளைந்து ஏறினான். தோளில் தோல் உரிந்திருந்தது. எங்கேயோ விழுந்திருக்கிறான். அவர்களுக்கு ஐந்து மீற்றர் முன்னால் அவன் ஒரு காலை நிலத்தில் ஊன்றினான். மிச்சமிருந்த பத்துப் பதினைந்து பேரும் கை தட்டினார்கள், போ, போ என்றார்கள். பேரின்பநாதன் எழும்பி அவனிடம் போனார். கௌசலாவும் பின்னால் போனாள், விழுந்தால் பிடிக்க.

"மூன்று கிலோமீற்றர்தான் இருக்கு," என்றார் பிரெஞ்சில். கெஞ்சுகிற குரல்.

அவன் அவரை மரியாதையோடு பார்த்தான். "தெரியும் ஐயா," என்றான். "கால்தான் கேட்குதில்லை. கொஞ்சம் இதைப் பிடிக்கிறீங்களா?"

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். காரிலிருந்து இறங்கிய உத்தியோகத்தர் அவனுடைய முதுகில் குத்தியிருந்த இலக்கத் துணியின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இலக்கத் துணி இரண்டு, ஊசி எட்டு. அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆடாமல் நின்றான். யாரும் ஏசவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கௌசலா பிளாஸ்க்கைத் திறந்து இஞ்சித் தேத்தண்ணியை மூடியில் ஊற்றி நீட்டினாள். ஒரு மிடறு குடித்ததும் அவனுடைய முகம் சுளித்தது, பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு, மூடியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். கை நடுங்கியது. காலையில் அவள் கழுவுகிற எட்டுப் பேருடைய கை மாதிரி நடுங்கியது. வானின் கதவு இழுபட்டபோது உள்ளே இன்னும் இரண்டு ஓட்டக்காரர் இருந்தார்கள். ஒருவன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான், மற்றவன் தன் பையைத் தூக்கி மடியில் வைத்து இவனுக்கு இடம் விட்டான். கதவு மூடிக்கொண்டது. வான் வளைவைத் திரும்பியதும் தெரு ஒரு சாதாரணத் தெருவாகிவிட்டது.

பேரின்பநாதன் கதிரைக்கு வந்து இருந்தார். மூச்சு எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"திங்கட்கிழமை வரேல்லை எண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிப்போட்டன்," என்றார், தெருவைப் பார்த்தபடி.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை. கடிதத்தை உடைச்சனான்."

அவர் ஏசுவார் என்று பார்த்தாள். ஏசவில்லை. மஞ்சள் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"ரேசுக்காகத்தானே?" என்றாள்.

"ரேஸ் ஆஸ்பத்திரி ரிவியிலயும் காட்டுவாங்கள்." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "டொக்டர் சொன்னது உமக்கு வடிவா விளங்கேல்லை. நூற்றில ஆறு பேருக்குப் பாரிசவாதம் வருமாம். கை கால் வழங்காமல் கிடக்கிறது. சாகிறதெண்டால் பரவாயில்லை. நீர் ஒவ்வொரு நாளும் எட்டுப் பேரைக் கழுவிப்போட்டு வாறீர். கதவைத் திறந்து வரேக்க உம்மட முகத்தை நான் பாக்கிறனான்தானே. அதுக்குப் பிறகு வீட்டில ஒன்பதாவது ஆளாய் நான் கிடக்க ஏலாது."

இவ்வளவு நாளும் இவர் ரிவியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். கதவைத் திறக்கிறபோது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, அதைக் கண்ணாடியில் பார்க்க முடியாது, இவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். ஆறுதலாய் ஏதாவது சொல்ல வேண்டும். அப்படியெல்லாம் வராது என்று சொல்லலாம், ஆனால் வருமா வராதா என்பது அவளுக்கும் தெரியாது, வந்தவர்களைத்தான் அவள் தினம் பார்க்கிறாள். கால் உளைந்தது. எவ்வளவு களைப்பு என்று இப்போதுதான் தெரிந்தது, பொய் சொல்லக்கூட இயலாத களைப்பு.

"கழுவ வேண்டி வந்தால் கழுவுவன்," என்றாள். "அது எனக்குத் தெரிஞ்ச வேலை. நீங்கள் இல்லாட்டில் என்ன செய்யிறதெண்டுதான் எனக்குத் தெரியாது."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, அவருடைய கையில் வைத்தாள். "அஞ்சு மணிவரைதான் இடம் வைச்சிருக்கினம். நீங்கள்தான் சொல்ல வேணும். என்ர குரல் செல்லாதாம்."

நாலு ஐம்பத்திரண்டு. மணி அடித்தது, அடித்தது, பிறகு ஒரு பியானோ இசை வந்து நெடுநேரம் ஓடியது. அவர் தொலைபேசியைக் காதில் வைக்காமல், இருவருக்கும் நடுவில், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறவர் மாதிரிப் பிடித்திருந்தார். ஐம்பத்தாறுக்கு இசை நின்று அந்தச் செயலாளர் பெண்ணின் குரல் வந்தது. அவர் விஷயத்தைச் சொன்னார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்படி அவள் கேட்டாள். பிரெஞ்சில் அவருடைய பெயருக்குப் பதின்மூன்று எழுத்து. அவர் தொடங்கினார், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு. நாலாவது எழுத்தில் குரல் விட்டுவிட்டு வந்தது, ஹலோ, ஹலோ என்றாள் அந்தப் பெண், திரும்ப முதலில் இருந்து சொல்லுங்கள் மிஸியே. அவர் திரும்ப முதலில் இருந்து தொடங்கினார். கௌசலா எழும்பி, மிச்சமிருந்த ஒரு கோடும் போய்விடாதபடி காற்றை மறைப்பவள் மாதிரி, ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தும், அவருக்கு முன்னால் வந்து நின்றாள். ஏழு. எட்டு. மேலே எங்கேயோ ஒலிபெருக்கியில் வென்றவனுடைய பெயரை அறிவித்தார்கள். பத்தாவது எழுத்தில் அவருக்கு மூச்சு முட்டி நிறுத்தினார், மறுபக்கம் பொறுமையாக இருந்தது, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் ஏதோ சொன்னாள், அவர் இரண்டுதரம் ஓம் என்றார், நன்றி மதாம் என்றார்.

"திங்கள் காலமை ஏழு மணிக்கு வரட்டாம்," என்றார் கௌசலாவிடம். "முதல் நாள் குளிச்சுப்போட்டு வரட்டாம்."

"சரி."

அவர் கதிரையை மடக்கக் குனிந்தார். அவள் அதை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையை அவர் பிடிப்பதற்காக நீட்டினாள். கார் வரைக்கும் இறக்கம்தான் என்று அவர் சொன்னார். சொன்னாலும், பிடித்துக்கொண்டார்.